பட்டம் வாங்கியவருக்கு ஒரு சீசன்

(பொது அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2011 கோடையில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டம் வாங்கி வெளியே வந்தார் டாட் ஓ'பிரையன். ஏழடி உயரம். கூடைப்பந்தில் சென்டர் இடத்தில் ஆடுபவர். முதல் ஆண்டு பக்நெல் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, பிறகு செயின்ட் ஜோசப்ஸுக்கு மாறியவர். அப்படி மாறியதற்காக ஒரு முழு சீசன் ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து, விதி கேட்ட விலையைக் கொடுத்தவர். பட்டம் கைக்கு வந்தபோது அவர் ஆட இன்னும் ஒரு சீசன் பாக்கி இருந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் பொது நிர்வாகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது.

ஒரு கையெழுத்து மட்டும் தேவைப்பட்டது. 'எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று பழைய பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும். செயின்ட் ஜோசப்ஸ் எழுதித் தரவில்லை. ஏன் என்று வெளிப்படையாக விளக்கவும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பிடம் மேல்முறையீடு போனது. பழைய பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளாததால் அதுவும் தள்ளுபடியானது. அந்த சீசன் முழுவதும் பர்மிங்ஹாமில் அணியோடு பயிற்சி செய்தார், வகுப்புக்குப் போனார். ஆட்டம் தொடங்கும்போது மட்டும் களத்துக்கு வெளியே நின்றார். டிசம்பரில் தன் கதையைத் தானே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இணையதளத்தில் எழுதினார். நாடு முழுவதும் அதைப் படித்துக் கொதித்தார்கள். முடிவு மாறவில்லை. ஐந்தாண்டுக் கெடு முடிந்தது. அந்தக் கடைசி சீசன் அவருக்குக் கிடைக்காமலே போனது.

படிப்பை முடித்துவிட்டார். இளநிலை மாணவராக அவர் அந்தக் கல்லூரிக்குத் தர வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. பட்டச் சான்றிதழ் என்பதே 'உன் கணக்கு தீர்ந்தது' என்று கல்லூரி எழுதித் தரும் சீட்டுதானே? அதைக் கொடுத்த பிறகும் அவர் எங்கே ஆட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அந்தக் கல்லூரிக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விதான் என்னை இந்த விதியின் வரலாற்றுக்குள் இழுத்தது. இன்று அதைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஒரு மாணவர் நான்கு சீசன் ஆடலாம். அந்த நான்கையும் ஐந்து ஆண்டுக்குள் ஆடி முடிக்க வேண்டும். ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஓராண்டு ஆடாமல் பயிற்சி மட்டும் எடுப்பவரை 'ரெட்ஷர்ட்' என்பார்கள். அப்படி ஓராண்டு ஆடாமல் இருந்தவர் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கினால் ஒரு சீசன் மிஞ்சும். கூடைப்பந்து வீரர்கள் கோடையிலும் பயிற்சிக்காக வளாகத்திலேயே தங்குவதால் கோடைக்கால வகுப்புகளையும் எடுத்துவிடுகிறார்கள். அதனால் சிலர் மூன்றே ஆண்டில் பட்டம் வாங்கிவிடுவதும் உண்டு. அவர்களுக்கு இரண்டு சீசன்கூட மிஞ்சலாம்.

படிப்பு முடியாமல் கல்லூரி மாறுபவர்களுக்கு அப்போது வேறு சட்டம். ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆகிய ஐந்து ஆட்டங்களில் மட்டும், மாறியவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். நீச்சல் வீரரோ டென்னிஸ் வீராங்கனையோ ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம். புதுக் கல்லூரியில் படிப்பில் காலூன்ற ஓராண்டு அவகாசம் தருகிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். படிப்புதான் காரணம் என்றால் டென்னிஸ் ஆடுபவருக்கு அந்த அவகாசம் வேண்டாமா? பணம் புழங்கும் பெரிய ஆட்டங்களான கூடைப்பந்தும் கால்பந்தும் இந்தப் பட்டியலுக்குள்தான் இருந்தன. 2010இல் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டித் தொடரின் ஒளிபரப்பு உரிமை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குப் போனது. அந்தத் தொகை பயிற்சியாளர்களின் சம்பளமாகவும் மைதானங்களாகவும் மாறியது. சீசன் முடிந்த மறுநாளே பெரிய சம்பளத்துக்கு அணி மாறும் பயிற்சியாளரை யாரும் ஓராண்டு உட்கார வைக்கவில்லை.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2006இல், பட்டம் வாங்கிய ஒருவர் முதுநிலைப் படிப்புக்காக வேறு பல்கலைக்கழகம் போனால் அங்கே உடனே ஆடலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதி கொண்டுவந்தது. நிபந்தனை எதுவும் பெரிதாகக் கிடையாது. படித்து முடி, பிறகு உன் விருப்பம். இவ்வளவுதான். என் பார்வையில் அந்த அமைப்பு எழுதிய விதிகளிலேயே நேர்மையானது இதுதான். கல்லூரி விளையாட்டில் படிப்புதான் முதல் என்று நூறாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், படித்து முடித்தவருக்கு உண்மையிலேயே ஏதோ ஒன்றைக் கொடுத்த முதல் தருணம் அது.

ஒரு சீசன்கூட அது முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டில் பட்டம் முடித்த ரயன் ஸ்மித் என்ற கால்பந்து வீரர் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த சீசனில் எதிரணியின் எட்டு பாஸ்களை இடைமறித்துப் பிடித்தார். அவருடைய அணி தேசிய சாம்பியன் ஆனது. மற்ற கல்லூரிகளின் பயிற்சியாளர்களும் நிர்வாகிகளும் பதறிப்போனார்கள். நாங்கள் வளர்த்த வீரரைப் பெரிய கல்லூரி கடைசி ஆண்டில் கொத்திக்கொண்டு போகும் என்றார்கள். 2007 ஜனவரி மாநாட்டில் உறுப்புக் கல்லூரிகள் வாக்களித்து அந்த விதியைத் தூக்கி எறிந்தன.

மூன்றாண்டில் பட்டம் முடிப்பது எவ்வளவு கடினம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதிகாலை உடற்பயிற்சி, மதியம் களப் பயிற்சி, வாரத்தில் பாதி நாள் வெளியூர்ப் பயணம். இதற்கு நடுவில் நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டில் முடித்த ஒரு மாணவரைப் பல்கலைக்கழகங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும். அவர்களோ, 'இப்படிப்பட்ட ஆள் கையை விட்டுப் போய்விடுவார்' என்று கதவைச் சாத்தினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு அதிகம் வலிக்கும் இடம் இதுதான்.

கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை, ஒரு சந்து விட்டார்கள். தன் கல்லூரியில் இல்லாத முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தேடி மாணவர் வேறு கல்லூரி போனால், விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதன் பலனாக, ஒரு வீரர் என்ன படிக்க ஆசைப்படுகிறார் என்பது பின்னுக்குப் போய், பழைய கல்லூரியில் எந்தப் படிப்பு இல்லை என்று தேடும் நிலை வந்தது. கூடவே பழைய கல்லூரி ஆட்சேபிக்கக் கூடாது. ஓ'பிரையன் சிக்கியது இந்தச் சந்தில்தான். அவருக்கு ஓராண்டு முன்பு அலபாமாவில் மூன்றாண்டில் பட்டம் முடித்த ஜஸ்டின் நாக்ஸ் அதே பர்மிங்ஹாம் வளாகத்துக்குப் போக விரும்பியபோது அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. அவர் வட கரோலினாவுக்குப் போய் ஆடினார்.

இன்னொரு வழக்கை விரிவாகவே சொல்ல வேண்டும். 2017இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கேமரன் ஜான்சன் மூன்று ஆண்டில் பட்டம் முடித்திருந்தார். இன்னும் இரண்டு சீசன் பாக்கி. அவர் போக விரும்பிய வட கரோலினா அப்போதுதான் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. பிட்ஸ்பர்க் ஆடும் அதே அட்லாண்டிக் கோஸ்ட் லீக்கில் ஆடும் அணி. பிட்ஸ்பர்க் சொன்னது இதுதான்: நீ அங்கே போகலாம், படிக்கலாம், ஆனால் உடனே ஆட முடியாது, ஓராண்டு உட்கார வேண்டும். அப்போதைய என்.சி.ஏ.ஏ. விதிப்படி, பழைய கல்லூரி போக விட்டுவிட்டால் பட்டம் வாங்கியவர் உடனே ஆடலாம். தங்கள் உள்விதியைக் காட்டிப் பல்கலைக்கழகம் அதைத் தடுக்கப் பார்த்தது. ஜான்சன் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. தன் நிலையை விளக்கிப் பொதுவெளியில் ஒரு அறிக்கை வெளியிட்டார். நான் பட்டம் வாங்கிய மாணவன், அந்த மரியாதையோடு என்னை நடத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். ஜூன் மாதம் பிட்ஸ்பர்க் இறங்கி வந்தது. இரண்டு சீசன் அவர் வட கரோலினாவில் ஆடினார். தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2019 தேர்வில் 11ஆவது ஆளாக எடுக்கப்பட்டார்.

அந்தத் தடை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருபத்தோரு வயது வீரருக்கு ஓராண்டு என்பது சின்ன விஷயம் இல்லை. முழங்காலில் ஒரு காயம் போதும், கதை முடிந்துவிடும். தன் வீரர் பிற்காலத்தில் எதிரணியில் நின்று ஆடினால் தனக்கு அவமானம் என்று ஒரு பயிற்சியாளர் நினைக்கலாம். அந்த மனவருத்தம் எனக்குப் புரிகிறது. மிச்சிகனிலிருந்து அதே பிக் டென் லீக்கின் இந்தியானாவுக்கு 2015இல் போன மேக்ஸ் பீல்ஃபெல்ட் அடுத்த ஆண்டே அந்த லீக்கின் சிறந்த மாற்று ஆட்டக்காரர் ஆனார். இந்தியானா லீக் பட்டம் வென்றது. பழைய அணிக்கு அது கசந்திருக்கும். ஆனாலும் மிச்சிகன் பயிற்சியாளர் ஜான் பீலைன் கடைசியில் அவரைப் போக விட்டார். அது சரியான செயல். ஒருவரின் மனக்கசப்பு இன்னொருவரின் வாழ்க்கையில் ஓராண்டை எடுத்துக்கொள்ள விதி இடம் தரக் கூடாது.

இப்படி மாறியவர்கள் எல்லோரும் வெற்றியைத்தான் கண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டேமியன் லீ டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு இருந்தவர். டிரே லூயிஸ் பென் ஸ்டேட், கிளீவ்லாண்ட் ஸ்டேட் என்று இரண்டு கல்லூரிகளில் ஆடியவர். இருவருமே மார்ச் மாத தேசியத் தொடரில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அந்த ஒரு வாய்ப்புக்காகவே 2015இல் பட்டத்தோடு லூயிவில்லுக்கு வந்தார்கள். அணி நன்றாக ஆடியது. 2016 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முன்னணி அணியான வட கரோலினாவை வீழ்த்தினார்கள். பிப்ரவரி 5 அன்று பல்கலைக்கழகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: வீரர்களைச் சேர்ப்பதில் முந்தைய ஆண்டுகளில் நடந்த முறைகேட்டுக்காக, இந்த ஆண்டு எந்த இறுதிச் சுற்றிலும் ஆடமாட்டோம். அந்தத் தவறு நடந்த காலத்தில் லீயும் லூயிஸும் லூயிவில்லிலேயே இல்லை. அவர்களுக்கு அடுத்த சீசன் என்று ஒன்றும் கிடையாது. பிற்காலத்தில் லீ கோல்டன் ஸ்டேட் அணியோடு என்.பி.ஏ. சாம்பியன் ஆனார். கல்லூரி வீரராக மார்ச் மாதத் தொடரில் ஆடும் பாக்கியம் மட்டும் இருவருக்கும் கிட்டவேயில்லை. பல்கலைக்கழகங்கள் செய்யும் தவறுக்கு, கேட்பாரற்று நிற்கும் கடைசி ஆண்டு மாணவரே விலை கொடுக்கிறார்.

மறுபக்கத்தில் டெக்சாஸ் டெக்கின் 2019 சீசன். சவுத் டகோட்டாவிலிருந்து வந்த மேட் மூனி, செயின்ட் ஜான்ஸிலிருந்து வந்த டாரிக் ஓவன்ஸ் இருவருமே பட்டத்தோடு மாறி வந்தவர்கள். மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரான அரையிறுதியில் மூனி 22 புள்ளி எடுத்தார். தன் வரலாற்றிலேயே முதல் முறையாக அந்தப் பல்கலைக்கழகம் இறுதி ஆட்டத்துக்குப் போனது. கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்று வர்ஜீனியாவிடம் 85-77 என்று தோற்றது. டெக்சாஸ் டெக் இருக்கும் லப்பக் போன்ற ஒரு ஊரின் அணி, பெரும்பெயர் பெற்ற கல்லூரிகளோடு சரிசமமாக நிற்க முடிந்தது பக்குவப்பட்ட இந்த மாணவர்களால்தான். பெரிய கல்லூரி சின்னக் கல்லூரியைச் சுரண்டும் என்ற பழைய பயத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. வரவு இரு பக்கமும் உண்டு.

ஐவி லீக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹார்வர்ட், யேல், கொலம்பியா போன்ற அந்தப் பல்கலைக்கழகங்கள் முதுநிலை மாணவர்களைத் தங்கள் அணிகளில் ஆட விடுவதில்லை. கொரோனா காலத்தில் ஓராண்டுக்கு மட்டும் தளர்த்தினார்கள். காயத்தால் ஒரு சீசன் இழந்தவர்கூட நான்கு ஆண்டு முடிந்ததும் வெளியேற வேண்டியதுதான். யேலின் மக்காய் மேசன் பேலருக்குப் போனார். கொலம்பியாவின் மைக் ஸ்மித் 2020இல் மிச்சிகனுக்குப் போய், கடைசி எட்டு அணிகள் வரை அந்த அணியை நடத்திச் சென்றார்.

கையெழுத்து கேட்கும் காலம் 2018 அக்டோபர் 15 அன்று முடிந்தது. அன்றுதான் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற கணினிப் பதிவேடு திறந்தது. மாணவர் தன் கல்லூரியிடம் 'போகிறேன்' என்று தெரிவித்தால் போதும். இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன் பின் எந்தக் கல்லூரியும் அவரோடு பேசலாம், உதவித்தொகை தரலாம். அனுமதி கேட்ட இடத்தில் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. ஓ'பிரையனுக்கு ஏழு ஆண்டு தாமதம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2021இல் படிப்பு முடியாதவர்களுக்கும் ஒருமுறை மாறி உடனே ஆடும் உரிமை வந்தது. 2023 டிசம்பரில் ஒஹையோ உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் வழக்குத் தொடர்ந்தன. மேற்கு வர்ஜீனியாவின் ஃபெடரல் நீதிபதி ஜான் பிரஸ்டன் பெய்லி, இரண்டாம் முறை மாறியவர்களையும் ஆட விடுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டார். 2024 ஏப்ரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், படிப்பில் தேவையான தகுதி மட்டும் இருந்தால் போதும் என்று விதியே மாறிவிட்டது.

இந்த விடுதலையை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அதே சமயம் ஒன்று கைநழுவிப் போனது. இளநிலையில் கல்லூரி மாறுபவருக்குப் படித்த பாடங்களின் கிரெடிட் முழுதாகக் கூட வருவதில்லை. புதிய கல்லூரி சிலதை ஏற்கும், சிலதைத் தள்ளும். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும் என்பது என்.சி.ஏ.ஏ. விதி. நான்கு ஆண்டில் மூன்று கல்லூரி மாறியவருக்கு இந்தக் கணக்கு எப்படி நேராகும்? ஆட்டம் முடிந்த பிறகு பட்டமும் இல்லாமல் வீடு திரும்பும் மாணவர்களை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை. பட்டம் வாங்கி மாறுபவருக்கு அந்த ஆபத்து கிடையாது. அவர் கையில் இருப்பதை யாரும் திரும்ப வாங்க முடியாது. முதலில் பட்டம், பிறகு சுதந்திரம் என்ற அந்த வரிசை ஒரு இளைஞரை முப்பது வயதிலும் காப்பாற்றும். இன்று எல்லோருக்கும் சுதந்திரம் வந்துவிட்டது. பட்டத்தை முதலில் முடிக்க இருந்த தூண்டுதல் குறைந்துவிட்டது.

முதுநிலையிலும் குறை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்து, ஒரு சீசன் ஆடி, மார்ச் முடிந்ததும் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. இதைச் சரிசெய்ய 2019இல் ஒரு முன்மொழிவு வந்தது. கூடைப்பந்திலும் கால்பந்திலும், முதுநிலை மாணவர் ஒருவரைச் சேர்க்கும் அணி, அவருடைய படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரு உதவித்தொகை இடத்தை அவர் கணக்கில் வைத்திருக்க வேண்டும்; அவர் பாதியில் போனாலும் அந்த இடத்தை வேறு யாருக்கும் தர முடியாது. அந்த ஏப்ரலில் அது வாக்கெடுப்பில் தோற்றது. ஆண்கள் கூடைப்பந்தில் அப்போது அணிக்கு 13 உதவித்தொகைதான். அதில் ஒன்று ஓராண்டு சும்மா கிடந்தால் அணி பலவீனமாகும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அன்றைக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். இடம் பறிபோகும் என்று பயந்து, பட்டம் வாங்கியவர்களையே சேர்க்காமல் விடும் கல்லூரிகள் பெருகியிருக்கும்.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த, என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசம் அந்த நிலைமையை மாற்றிவிட்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் 13 என்ற உதவித்தொகை வரம்பு போய்விட்டது. அணியில் 15 பேர் இருக்கலாம், அத்தனை பேருக்கும் உதவித்தொகை தரலாம் என்றாகிவிட்டது. வீரர்களுக்கே நேரடியாகப் பணம் தரப் பல்கலைக்கழகம் ஒன்று ஓராண்டில் சுமார் 2 கோடி டாலர் வரை ஒதுக்கலாம். இன்று களத்தை விட்டு இறங்கிய ஒரு முதுநிலை மாணவருக்கு இன்னும் ஓராண்டுப் படிப்புக் கட்டணம் கட்டினால் அணியில் யாருடைய இடமும் குறையாது. ஒரு சீசனுக்கு அவரை அழைத்து வந்த பல்கலைக்கழகம், அவர் சேர்ந்த படிப்பு முடியும் வரை கட்டணத்தை ஏற்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அவர் விரும்பினால் படிக்கட்டும், விருப்பம் இல்லையென்றால் போகட்டும், கட்டாயம் வேண்டாம். 2019இல் அணிகளுக்குத் தண்டனையாக எழுதிய விதியை மாணவரின் உரிமையாகத் திருப்பி எழுதுங்கள் என்கிறேன். இடமில்லை என்று அன்றைக்குச் சொன்ன பயிற்சியாளர்களிடம் இன்றைக்கு அந்தக் காரணம் இல்லை.